திஜூக்காச் சிகரத்துக்கு ஒரு பகற்பயணம்

தொலைவிலுள்ள மலைக்குச் செல்ல நினைப்பவன் பல நாள் யோசித்துப் புறப்படுகிறான். வழியை விசாரிக்கிறான், துணை தேடுகிறான், மூட்டையை இருமுறை அவிழ்த்துக் கட்டுகிறான். வீட்டு வாசலில் நின்றாற் கண்ணுக்குத் தெரியும் மலைக்குச் செல்பவனோ இவற்றில் ஒன்றையும் செய்வதில்லை. “இதோ இருக்கிறது, ஏறிப் பார்த்துவிட்டு வரலாம்” என்று கையை வீசிக்கொண்டு கிளம்பிவிடுகிறான். நகரத்துக்கு அண்மையில் இருப்பதனால் மலையின் உயரம் குறைந்துவிடுவதில்லை. அங்கே பெய்யும் மழையும், அங்கே கவியும் இருளும் நகரத்தைக் கண்டு ஒதுங்கிச் செல்வதுமில்லை. ஆதலால், அண்மையிலுள்ள மலைக்குத்தான் திட்டம் அதிகமாக வேண்டும் என்று மலையேறிப் பழகியவர்கள் சொல்வதுண்டு.

இவ்வுண்மையை விளக்குவதற்கு ஏற்ற மலை ஒன்று பிரேசில் நாட்டிலே, றியோ டி ஜெனீரோ மாநகரத்தின் நடுவே இருக்கிறது. அறுபது இலட்சத்துக்கு மேற்பட்ட மக்கள் வாழும் அந்நகரம் கடலுக்கும் மலைக்கும் இடையே நெருக்குண்டு கிடப்பது. அதன் வீடுகளுக்கும் வீதிகளுக்கும் மேலாகத் திஜூக்கா என்னும் மலைத்தொகுதி பசுமையாக எழுந்து நிற்கிறது. அதன் உச்சியே திஜூக்காச் சிகரம். கடல் மட்டத்திலிருந்து அதன் உயரம் ஏறத்தாழ 1,020 மீற்றர். கைகளை விரித்து நிற்கும் கிறிஸ்துநாதர் திருவுருவத்தைப் படங்களிற் காணாதவர் இலர். அத்திருவுருவம் நிற்கும் கோர்க்கொவாதோ குன்று 710 மீற்றர் உயரமே உடையது. திஜூக்காச் சிகரம் அதனிலும் முந்நூறு மீற்றர் உயர்ந்தது. எனினும், காலையிற் கடற்கரை விடுதியிலிருந்து புறப்பட்டு, உச்சியைக் கண்டு, மாலைத் தேநீருக்குத் திரும்பிவிடக்கூடிய மலை அது. இந்த எளிமையிலேதான் ஆபத்தும் மறைந்திருக்கிறது.

பயணத்தின் திட்டத்தைச் சொல்லுமுன் அந்தக் காட்டின் வரலாற்றைச் சிறிது சொல்லவேண்டும். ஏனெனில், அந்தக் காடே ஒரு திட்டத்தின் விளைவாகும்.

பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியிலும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலும் றியோவைச் சூழ்ந்த மலைகளிற் கோப்பி பயிரிடப்பட்டது. பெருமரங்கள் வெட்டப்பட்டன; சரிவுகள் எரிக்கப்பட்டன; அடிமைகளின் உழைப்பினாலே மலைகள் கோப்பித் தோட்டங்களாயின. காடு போனபின் மண் கரைந்தது. மழை பெய்தபோது வெள்ளமும், மழை ஓய்ந்தபோது வறட்சியுமாக ஓடைகள் தம் இயல்பு மாறின. நகரத்துக்குக் குடிநீர் தந்தவை அந்த ஓடைகளே. 1840களில் நேர்ந்த வறட்சிகளின்போது நகர மக்கள் தண்ணீருக்குத் தவித்தனர். நீரூற்றுகளைக் காக்க வேண்டுமானால் மலையை மீண்டும் காடாக்க வேண்டும் என்பதை அரசாங்கம் உணர்ந்தது. தோட்டங்கள் சிறிது சிறிதாக அரசாங்கத்தின் கைக்கு வந்தன. 1861 ஆம் ஆண்டில், இரண்டாம் பேத்ரோ பேரரசரின் ஆட்சியிலே, காடு வளர்ப்பதற்கான ஆணை பிறந்தது.

அப்பணி மேஜர் மனுவெல் கோமெஸ் ஆர்ச்சர் என்பவரிடம் ஒப்படைக்கப்பட்டது. 1862 இல் அவர் வேலையைத் தொடங்கியபோது அவரிடம் இருந்தவர்கள் அடிமைகளான அறுவர். எலெவுத்தேரியோ, கொன்ஸ்தந்தீனோ, மனுவெல், மத்தேயுஸ், லெயொபோல்தோ, மரியா என்பன அவர்களுடைய பெயர்கள். பின்னர் கூலியாட்களும் சேர்ந்தனர். 1874 வரை ஆர்ச்சர் அங்கே பணிபுரிந்தார். பல்லாயிரக்கணக்கான கன்றுகள் ஒன்றொன்றாகக் கையால் நடப்பட்டன. மிச்சமாய் நின்ற பழங்காட்டின் விதைகளைப் பறவைகளும் காற்றும் பரப்பின. கையும் இயற்கையும் சேர்ந்து வளர்த்த அந்தக் காடு 1961 இல் தேசியப் பூங்காவாயிற்று. றியோ நகரின் மலையும் கடலும் சேர்ந்த நிலக்காட்சியை 2012 இல் யுனெஸ்கோ நிறுவனம் உலக மரபுரிமையாக ஏற்றபோது, இக்காடும் அதில் அடங்கியது.

இலங்கை நேயர்களுக்கு இவ்வரலாறு முற்றிலும் அந்நியமானதன்று. அதே நூற்றாண்டிலேதான் இலங்கையின் மத்திய மலைநாட்டிலும் காடுகள் அழிந்து கோப்பித் தோட்டங்கள் எழுந்தன. 1869 இல் தோன்றிய இலைநோய் கோப்பியை வீழ்த்தியது. இங்கே கோப்பி இருந்த இடத்துக்குத் தேயிலை வந்தது; திஜூக்காவிற் கோப்பி இருந்த இடத்துக்குக் காடு திரும்பிற்று.

இனிப் பயணத்துக்கு வருவோர் முதலில் தீர்மானிக்க வேண்டியது பருவம். றியோ பூமத்திய இரேகைக்குத் தெற்கே உள்ளது. ஆதலால் டிசெம்பர் முதல் மார்ச் வரை அங்கே கோடை. அதுவே பெருமழைக் காலமுமாகும். காலையில் வானம் தெளிந்திருக்கும். பிற்பகலில் மேகம் திரண்டு இடியுடன் கொட்டும். யூன், யூலை, ஓகஸ்ட் மாதங்கள் குளிர்ச்சியானவை, மழையும் குறைவு. மலையேறுவதற்கு இவையே தக்க மாதங்கள். கடற்கரையில் வெயில் அடிக்கிறது என்பதை வைத்து மலையின் நிலையைக் கணிக்கலாகாது. கடற்காற்று மலையில் மோதி மேலெழும்போது குளிர்ந்து மழையாகிறது. மலைமேலுள்ள அல்டோ த போவா விஸ்டா என்னும் பகுதியில் ஆண்டுக்கு 2,000 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்கிறது. கீழேயுள்ள நகரப் பகுதிகள் பெறுவது அதனிலும் மிகக் குறைவு.

பெருமழைக்குப் பிந்திய சில நாட்களில் மலைக்குச் செல்லாதிருப்பது நன்று. செங்குத்தான பாறையின்மேல் மெல்லிய மண், அம்மண்ணின்மேற் காடு: இதுவே அம்மலையின் அமைப்பு. மண் நீரை உறிஞ்சி நிறைந்துவிட்டாற் பாறையைவிட்டு வழுக்கிவிடும். 1966 இலும் 1967 இலும் பெய்த பெருமழைகளால் றியோவின் மலைச்சரிவுகள் இடிந்து பல உயிர்கள் மாண்டன. 2010 ஏப்ரலிலும் அத்தகைய அழிவு நேர்ந்தது. மண்சரிவின் கொடுமையை இலங்கை மலைநாட்டு மக்களுக்கு எடுத்துச்சொல்ல வேண்டியதில்லை.

வெளிநாட்டிலிருந்து செல்பவர் புறப்படுமுன்னரே கவனிக்க வேண்டிய காரியம் ஒன்றுண்டு. 2017, 2018 ஆம் ஆண்டுகளில் றியோ மாநிலத்திலே மஞ்சட் காய்ச்சல் பரவியது. காட்டு நுளம்புகளால் வரும் நோய் அது. அதற்குரிய தடுப்பூசியைப் பயணத்துக்குப் பத்து நாட்களேனும் முன்னதாகப் போட்டுக்கொள்ள வேண்டும். முதல்நாள் நினைவுக்கு வந்தாற் பயனில்லை.

அடுத்தது நேரக் கணக்கு. இக்கணக்கைக் காலையிலிருந்து தொடங்காமல் மாலையிலிருந்து பின்னோக்கிப் போடுதல் வேண்டும். யூன் மாதத்தில் றியோவிலே மாலை ஐந்தேகால் மணியளவிற் சூரியன் மறைகிறது. அயன மண்டலத்து நாடுகளில் அந்திப்பொழுது குறுகியது என்பதை நேயர் அறிவர். அடர்ந்த காட்டுக்குள்ளோ, வெளியே வெளிச்சம் இருக்கும்போதே தரை இருண்டுவிடும். வேரையும் கல்லையும் பிரித்தறிய முடியாத இருள் நாலரை மணிக்கே வரலாம். பூங்காவின் வாயிலும் மாலையில் அடைக்கப்படும். ஆதலால் மூன்று மணிக்கு வாயிலுக்குத் திரும்பி வருவதே நோக்கமாக இருத்தல் வேண்டும்.

மூன்று மணியிலிருந்து பின்னோக்கி வருவோம். வாயிலிலிருந்து காட்டுக்குள்ளே வளைந்து செல்லும் தார்வீதி, பொம் ரெத்திரோ என்னும் வெளியில் முடிகிறது. அதனை நடந்து கடக்க ஒரு மணி நேரத்துக்கு மேலாகும். அங்கிருந்து சிகரம் வரை ஏறத்தாழ 3 கிலோமீற்றர் ஒற்றையடிப் பாதை. ஏறவேண்டிய உயரம் சுமார் 350 மீற்றர். நடந்து பழகாதவர்க்கு ஏற்றம் இரண்டு மணி நேரமும் இறக்கம் ஒன்றரை மணி நேரமும் எடுக்கும். சிகரத்தில் முக்கால் மணி நேரம் தங்கலாம். இவ்வாறு பார்த்தால், காலை எட்டு மணிக்கு வாயிலில் நிற்பவர் ஒன்பதரைக்குப் பொம் ரெத்திரோவிலும், பதினொன்றரைக்கு உச்சியிலும் இருப்பார். பன்னிரண்டேகாலுக்கு இறங்கத் தொடங்கினால் ஒன்றே முக்காலுக்குத் தார்வீதியை அடைந்து, மூன்று மணியளவில் வாயிலைக் காண்பார். அதன்பின்னும் இரண்டு மணி நேர வெளிச்சம் கையிருப்பாக இருக்கும். கால் பிசகினாலும், மழைக்கு ஒதுங்க நேர்ந்தாலும், வழி தப்பினாலும் செலவிடுவதற்குரிய இருப்பு அதுவே.

இக்கணக்கிலிருந்து ஒரு விதி பிறக்கிறது. நண்பகல் ஒரு மணிக்குள் உச்சியை அடையாவிட்டால், நின்ற இடத்திலிருந்தே திரும்பிவிட வேண்டும். உச்சி இன்னும் நூறு அடிதான் என்று யாராவது சொன்னாலும் திரும்ப வேண்டும். இவ்விதியை முதல்நாள் இரவே எல்லோரும் ஒப்புக்கொண்டு புறப்படுதல் நல்லது. மலைமேல் நின்று விவாதித்தால் ஆசையே வெல்லும்.

வாயிலுக்குச் செல்வது கடினமன்று. நகரின் சுரங்க இரயிலில் திஜூக்காப் பகுதி வரை சென்று, அங்கிருந்து அல்டோ த போவா விஸ்டாவுக்கு ஏறும் பஸ்ஸில் அல்லது வாடகைக் காரிற் போகலாம். வாயிலைக் கடந்து சிறிது தூரத்தில் ஏறத்தாழ 30 மீற்றர் உயரத்திலிருந்து விழும் அருவி ஒன்று தோன்றும். பிரான்சிலிருந்து 1816 இல் வந்த தோனே என்னும் ஓவியர் அதன் அருகே வாழ்ந்தமையால் அது அவர் பெயரால் வழங்குகிறது. அருவியின் அழகிலே ஒரு மணி நேரத்தை இழந்தவர் பலர். திரும்பி வரும்போது பார்க்கலாம் என்று வைத்துக்கொள்வதே தகும்.

பொம் ரெத்திரோவிலே தண்ணீர்ப் போத்தலை நிரப்பிக்கொள்ள எண்ணி வெறும் போத்தலுடன் செல்லலாகாது. ஒருவருக்கு இரண்டு லீற்றர் தண்ணீரை நகரிலிருந்தே கொண்டு செல்ல வேண்டும். தெளிந்த ஓடை நீரிலும் கிருமி இருக்கும். மழைக்காட்டிலே காற்று ஈரமாயிருப்பதால் வியர்வை உலர்வதில்லை. உடல் இழக்கும் நீரின் அளவு தெரிவதில்லை. தாகம் தோன்றுமுன் குடித்தலே முறை. உணவு இலகுவாயும் வாடாததாயும் இருக்கட்டும். தேய்ந்த அடியையுடைய சப்பாத்து ஈரப் பாறையில் உதவாது. பருத்தி உடை நனைந்தால் உலராது. ஆகவே மாற்றுச் சட்டை ஒன்றை நீர் புகாத பையில் வைத்துக்கொள்வது நன்று. உச்சி, கடற்கரையைவிட ஆறு பாகை செல்சியஸ் அளவில் குளிராயிருக்கும், காற்றும் வீசும். மழையங்கியும் மின்பந்தமும் கட்டாயம் வேண்டும். பகலிலே திரும்புபவருக்கு மின்பந்தம் எதற்கென்று கேட்பவர், திரும்ப முடியாமற்போன நாளை எண்ணிப் பார்க்கவில்லை. கைத்தொலைபேசி இருக்கிறதே என்று சிலர் துணிவர். பள்ளத்தாக்குகளில் அதற்கு அலை எட்டாது. மின்பந்தமாக எரித்தால் அதன் மின்னும் விரைவில் ஒழியும். வழிப்படத்தைத் தாளிலும் ஒரு பிரதி வைத்திருப்பது புத்திசாலித்தனம்.

தனியே செல்லலாகாது. மூவர் அல்லது நால்வர் சேர்ந்து செல்வது உத்தமம். ஒருவர் அடிபட்டால் ஒருவர் உடனிருக்க, மற்றவர் உதவி தேடலாம். கூட்டத்தில் மெதுவாக நடப்பவரே முன்னே செல்ல வேண்டும். எந்த வழியாற் போகிறார்கள், எத்தனை மணிக்குத் திரும்புவார்கள், எந்த நேரம் கடந்தால் அதிகாரிகளுக்கு அறிவிப்பது என்ற மூன்றையும் நகரில் ஒருவரிடம் எழுதிக் கொடுத்துவிட்டுப் புறப்படல் வேண்டும்.

பாதை தொடக்கத்தில் இலேசானது. நிழலுக்குள்ளே வளைந்து வளைந்து ஏறும். வளைவுகளுக்கு நடுவே குறுக்கு வழிகள் கண்ணுக்குத் தெரியும். அவற்றில் இறங்குபவர் வேரை மிதித்து மண்ணை இளக்குகிறார். அடுத்த மழையில் அது ஓடையாகிவிடும். நூற்றறுபது ஆண்டுகளாகக் கட்டிய மண்ணை இரண்டு நிமிட மிச்சத்துக்காகக் கரைப்பது நியாயமன்று. அன்றியும், வழி தப்புகிறவர்களுட் பலர் குறுக்கு வழியிலேதான் தப்புகிறார்கள். வழி தெரியவில்லை என்று உணர்ந்தவுடன் நிற்க வேண்டும். கடைசியாக அடையாளம் கண்ட இடத்துக்கு வந்த வழியே திரும்ப வேண்டும். ஓடையைப் பின்பற்றி இறங்கினால் நகரம் வந்துவிடும் என்ற எண்ணம் பொல்லாதது. ஓடை பாறை விளிம்புக்குச் சென்று அருவியாய் விழுமேயன்றி, மனிதனுக்கு வழிகாட்டாது.

வழியிலே தமிழ் நேயர் ஒருவர் கண்டால் வியந்து நிற்கும் மரம் ஒன்றுண்டு, அது பலா. போர்த்துக்கேயர் தென்னாசியாவிலிருந்து பிரேசிலுக்குக் கொண்டுசென்றது. அங்கே அதனை ‘ஜாக்கா’ என்கிறார்கள். சக்கை என்ற மலையாளப் பெயரே போர்த்துக்கேய மொழியில் அவ்வாறு திரிந்தது. ஊர்க்காரனைக் கண்டாற்போல மகிழ்ச்சி தரும் அம்மரம் திஜூக்காவிற் பெரிய தொல்லையாகிவிட்டது. அதன் விதைகள் எளிதில் முளைத்து உள்நாட்டு மரங்களின் இடத்தைப் பிடித்துக்கொள்கின்றன. இன்னொரு புறத்தில், காட்டைவிட்டு மறைந்துபோன விலங்குகளை மீளக் கொண்டுவரும் முயற்சியும் நடைபெறுகிறது. 2010 இல் அகூட்டி என்னும் கொறிவிலங்கும், 2015 இல் ஊளைக்குரங்கும் மீண்டும் அங்கே விடப்பட்டன. அகூட்டி விதைகளை மண்ணிற் புதைத்து வைத்து மறந்துவிடும், அவை மரமாகும். ஆர்ச்சரும் அவருடைய ஆட்களும் செய்த தொழிலையே அது செய்கிறது. குரங்குக்கும் நீண்ட மூக்குடைய குவாட்டிக்கும் உணவு கொடுத்துப் பழக்குதல் அவற்றுக்குக் கேடு. விரியன் இனப் பாம்புகளும் அக்காட்டில் உண்டு; பார்க்காமற் கையை எங்கும் ஊன்றலாகாது.

காடு முடிந்து பாறை தோன்றும் இடத்திற் சிகரத்தின் கடைசிப் பகுதி தொடங்குகிறது. 1920 ஆம் ஆண்டில் பெல்ஜிய நாட்டு மன்னர் முதலாம் அல்பேட் பிரேசிலுக்கு வந்தார். அவர் மலையேற்றத்திற் பெருவிருப்புடையவர். அவருடைய வருகையை முன்னிட்டு அப்பாறையில் 117 படிகள் செதுக்கப்பட்டு, பிடித்துக்கொள்ள இரும்புச் சங்கிலிகளும் மாட்டப்பட்டன. மன்னரோ படிகளை விட்டுப் பக்கத்துப் பாறையைப் பற்றியே ஏறினார் என்று ஒரு கதை வழங்குகிறது. அப்படிகள் இன்றும் உள்ளன. காய்ந்திருக்கும்போது அவை துன்பம் தருவதில்லை. நனைந்திருந்தால் இறங்குவது ஏறுவதைவிடக் கடினம். இடி முழங்கும்போதோ, திறந்த பாறையிலே இரும்புச் சங்கிலியைப் பற்றி நிற்பதைவிட அபாயம் வேறில்லை. மேகம் கறுக்கக் கண்டால் படியின் கீழிருந்தே திரும்பிவிட வேண்டும்.

அந்த மன்னரின் முடிவு இங்கு நினைக்கத்தக்கது. ஆல்ப்ஸ் மலையின் கடினமான சிகரங்களில் ஏறி இறங்கியவர் அவர். 1934 பெப்ரவரி 17 ஆம் நாள், தம் சொந்த நாட்டிலே, நாமூர் நகருக்கு அருகிலுள்ள மார்ஷ் லே தாம் என்ற இடத்திற் பாறையேறச் சென்றார். பனிமலையன்று, ஆற்றோரத்துப் பாறைகள். அன்று மாலை தலைநகரிலே ஒரு நிகழ்ச்சிக்கு அவர் திரும்பவேண்டியிருந்தது. உடன் வந்த பணியாளரைக் கீழே நிறுத்திவிட்டுத் தனியே ஏறினார். திரும்பவில்லை. நள்ளிரவுக்குப் பின்னரே அவருடைய உடல் கண்டெடுக்கப்பட்டது. அவருக்கு வயது 58. ஆல்ப்ஸ் செய்யாததை வீட்டுக்கு அண்மையிலிருந்த பாறை செய்துவிட்டது.

திஜூக்காச் சிகரத்தில் தெளிந்த நாளில் நிற்பவர் குவானபாரா விரிகுடாவையும், அதன் வாயிலிற் சர்க்கரைக் குன்றையும், 1974 இல் திறக்கப்பட்ட நீண்ட பாலத்தையும், வடக்கே தொலைவில் மலைத்தொடரையும் காண்பார். காலடியில் நாற்புறமும் பரந்த காடு; அதற்கப்பால் நெருங்கிய கூரைகள். அக்காட்சியில் நெடுநேரம் மயங்கி நிற்கத் தோன்றும். ஆயினும் கடிகாரத்தைப் பார்த்து முக்கால் மணி நேரத்தில் எழுந்துவிடல் வேண்டும். களைப்பும் மகிழ்ச்சியும் சேர்ந்த இறக்கத்திலேதான் கால்கள் இடறுகின்றன. பயணம் உச்சியில் முடிவதில்லை; வாயிலுக்கு வெளியே பஸ்ஸுக்காக நிற்கும்போதே முடிகிறது. திரும்பிய செய்தியை நகரில் காத்திருப்பவருக்குச் சொன்னபின்பே திட்டமும் நிறைவேறியதாகும்.

கன்று நட்டவர்கள் தங்கள் வாழ்நாளிற் பெருங்காட்டைக் காண்போம் என்று நடவில்லை. நகரத்துக்குத் தண்ணீர் வேண்டும் என்று கணக்கிட்டு, பொறுமையாக, வரிசை வரிசையாக நட்டார்கள். அவர்கள் வளர்த்த நிழலில் ஒரு பகல் நடந்து திரும்புபவர், தம் ஒரு நாளையாவது அவ்வாறு கணக்கிட்டுக்கொண்டு செல்வது முறையாகும். நேரம் போதாது என்று கண்டு பாதி வழியில் திரும்பி வந்தவருக்கும் நட்டம் ஒன்றுமில்லை. அடுத்த யூன் மாதத்திலும் அந்தச் சிகரம் அங்கேயே இருக்கும்.